நாலு இஞ்சு போனிலிருந்து விழுந்த பொத்தான்கள்

கோவில்பட்டியில் ஆனி மாதம் மூணாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழு அடித்து ரெண்டு நிமிஷம் ஆனபோது, பதினெட்டு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து இப்போது ரெண்டு கிட்னியும் போய் வீட்டோடு கிடக்கிற சண்முகக்கனியின் கைப்போனிலிருந்து, பச்சை நிறப் பொத்தான் ஒன்று நழுவி, மடியில் பட்டு, தரையில் சறுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. அவள் அதை விளக்குமாற்றால் இழுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு கடலைமிட்டாய்த் துண்டு அளவுதான் இருந்தது, தொட்டால் லேசான சூடு, மேலே வெள்ளை எழுத்தில் 'உறுதி' என்று போட்டிருந்தது. "இது என்ன கண்றாவி, போனுக்குப் பல்லு விழுந்துருச்சு" என்று சொல்லிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, உலையில் அரிசி போடப் போய்விட்டாள். அதே ஏழு ரெண்டுக்கு ஊரில் இன்னும் பத்து வீட்டில் இதே மாதிரி பொத்தான் விழுந்தது, ஒருவர் வீட்டில் கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது, இன்னொருவர் வீட்டில் ரசத்தில் விழுந்தது, யாரும் அலறவும் இல்லை, போலீசுக்குப் போகவும் இல்லை.

விழுந்ததற்குக் காரணம் கேட்டால் முப்பிடாதியைத்தான் கேட்க வேண்டும். சண்முகக்கனியின் கூடப்பிறந்த தங்கச்சி, முப்பத்திமூணு வயசு, ஒரு இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்காரத் தெரியாதவள், சோற்றைக்கூட நின்றுகொண்டு சாப்பிடுகிறவள். மந்தித்தோப்பு ரோட்டில் ஒரு மாடியில் ஆப் செய்து கொடுக்கிற சின்ன ஆபீசில் அவளுக்கு வேலை. மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பல போன்களில் போட்டு அமுக்கிப் பார்த்து, இங்கே கோணல், அங்கே ஓட்டை என்று குற்றம் சொல்ல வேண்டும். "அடுத்தவன் செஞ்சதுல நொட்டை சொல்றதுக்குச் சம்பளமா? உனக்குன்னே செஞ்சு வச்ச வேலைடி" என்று அக்கா சிரிப்பாள்.

ஊரில் ஒரு அறக்கட்டளை இலவசமாக டயாலிசிஸ் சென்டர் நடத்தியது. அதற்காக அந்த ஆபீசில் ஒரு ஆப் செய்தார்கள். முறை வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குத் திறக்கிற பக்கத்தில் 'உறுதி' பொத்தானை அமுக்க வேண்டும், எட்டு மணிக்குள் அமுக்கினால் பெயர் லிஸ்டில் ஏறும், காலையில் மெஷினைக் கழுவித் தயாராக வைப்பார்கள். அமுக்காவிட்டால் அந்தக் கட்டில் காலியாகவே கிடக்கும். ஆப் வந்த மறுநாளே, அதுவரை ஆள் எடுத்துப் பேசிக்கொண்டிருந்த போன் நம்பரையும் நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆப்பைப் பரிசோதிக்கத்தான் முதலாளி முப்பிடாதியின் கையில் பதினைந்தாயிரம் ரூபாயைக் கொடுத்து, இதுக்குள்ள அஞ்சு போன் வாங்கிக்க, ஒரு ரூபாய் கூடக் கேட்கக்கூடாது என்று சொன்னார். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய போன் விற்கிற காதர் மைதீன் பாய் கடையில் மூணு நாள் நின்று, பேரம் பேசி, ஒரே கம்பெனி போனாக வாங்கிவிட்டால் மற்றக் கம்பெனிக்காரனில் என்ன கோளாறு என்று தெரியாமல் போகுமே என்று பெரிய புத்திசாலி மாதிரி யோசித்து, "வேற வேற கம்பெனியாக் குடுங்க பாய்" என்று கேட்டு, அஞ்சு கம்பெனி, அஞ்சு நிறத்தில் அஞ்சு போன் வாங்கினாள். அஞ்சிலும் ஆப் அழகாக ஓடியது. பொத்தான் பளிச்சென்று நடுவில் நின்றது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பொத்தான் விழுந்த செய்தி காதுக்கு வந்த அன்றைக்குத்தான் அந்த அஞ்சு போனையும் மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். சீட்டுக்கட்டு மாதிரி ஓரம் பிசகாமல் உட்கார்ந்தது. அஞ்சும் ஆறரை இஞ்சு. அக்காவின் போனோ நாலு இஞ்சு, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், கண்ணாடி கீறல் விழுந்தது, சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்களும் வைத்திருக்கிற போன் எல்லாம் அந்த மாதிரிதான். அதில் பக்கம் கொள்ளாமல் கீழே வழிந்தது, வழிந்ததில் பொத்தான் விளிம்பைத் தாண்டிவிட்டது, விளிம்பைத் தாண்டினது விழாமல் என்ன செய்யும்?

அவள் வெயிலில் பாய் கடைக்கு ஓடினாள். "என்ன பாய், எல்லாத்தையும் ஒரே அளவாத் தள்ளிவிட்டுட்டீங்களே!"

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, வேற வேற கம்பெனி கேட்ட, குடுத்தேன். வேற வேற அளவு கேட்டியா?"

கேட்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. அஞ்சு போனும் வேண்டியதில்லை, ரெண்டு போதும், ஊர்க்காரன் கையில் இருக்கிறதில் ஆகப் பெரியது ஒன்று, ஆகச் சின்னது ஒன்று. அதை வாங்க இருபது வருஷப் படிப்பா வேண்டும்? அக்காவின் கையை ஒரு தடவை பார்த்திருந்தால் போதுமே. சை, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

ஆபீசில் ஆப் எழுதின ஜெயசீலன் நல்ல பையன்தான், ஆனால் வேதம் மாதிரி ஒரே வாக்கியம் வைத்திருந்தான். "நம்ம போன்ல வரலையே மேடம்." கம்ப்யூட்டரில் நாலு இஞ்சு திரையை வரைந்து காட்டினாள். அதில் பொத்தான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியதே தவிர விழவில்லை. "இது படம் மேடம். நிஜப் போனைக் கொண்டு வாங்க, என் கண்ணு முன்னால விழட்டும், அப்புறம் திருத்துறேன்" என்றான். முதலாளி பையைத் திறக்கமாட்டார். சரி, தன் காசில் வாங்கிவிடலாம் என்று பாய் கடைக்குப் போனால், நாலு இஞ்சு போன் ஒன்றுகூட இல்லை. ஊரே வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். ஏன் என்கிறீர்களா, அது பெரிய கூத்து.

முதல் பொத்தான் விழுந்த மறுநாள் சண்முகக்கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சென்டருக்கு வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினாள். 'டிக்' என்று சத்தம் கேட்டது. அவள் போவது உறுதியாகிவிட்டது, கால் தானாகச் சென்டர் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் லிஸ்டில் பெயர் ஏறவில்லை. வெளியே விழுந்த பொத்தானுக்கு மனுஷ வாய்ச்சொல்லைத்தான் உறுதி பண்ணத் தெரிந்தது, கம்ப்யூட்டருக்கு வாயேது? நர்ஸ் பிரமிளா கையை விரித்துத் திருப்பி அனுப்பினாள். தளர்ந்துபோய்த் திரும்பி வந்த சண்முகக்கனி பொத்தானை வாசல் சுவரில் வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுத் திண்ணையில் கல்யாணத் தரகர் பெத்துராஜ் எட்டு மாசமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு சம்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வழக்கம்போல, "சரி, முடிச்சிருவோம்" என்று சொல்லி, 'ஆனா' என்று இழுக்கப் போனார். அந்த நேரம் பார்த்துப் பெத்துராஜ் சும்மா கையரிப்பில் சுவரில் இருந்ததை எடுத்து அமுக்கினார். டிக். மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறந்தார், திறந்தார், 'ஆனா' வரவே இல்லை. மறுநாள் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. வெற்றிலைத் தட்டில் பாக்கு, மஞ்சள், பூ, அதோடு ஒரு பச்சைப் பொத்தான். அது இல்லாமல் நிச்சயம் இல்லை. இடம் வாங்குகிறவனும் விற்கிறவனும் பொத்தானை நடுவில் வைத்துப் பேசினார்கள், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி ஆளுக்கொரு விரல் வைத்து அமுக்கினார்கள், குடிக்கமாட்டேன் என்று பொண்டாட்டி தலையில் கை வைத்தவனை, தலை எல்லாம் வேண்டாம் இதில் வை என்றார்கள். சின்னப் போன் வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாம் ஏமாந்துபோனார்கள், கிட்னிக்காரர் போனாக இருந்தால்தான் அந்தப் பக்கம் திறக்கும், பக்கம் திறந்தால்தானே பொத்தான் விழும். ஆக மொத்தம் அந்தப் பதினொரு வீடுதான், திங்களும் வியாழனும்தான், வீட்டுக்கு ஒன்றுதான். வாங்கி ஏமாந்தவர்களும் போனைத் திருப்பித் தரவில்லை, நாளைக்கு யாருக்கு என்ன வியாதி வருமோ என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அடேயப்பா, மனுஷன் எதற்கெல்லாம் தயாராக இருக்கிறான்!

பொத்தான் கேட்டு வந்தவர்கள் ஒன்றும் நன்றி கெட்டவர்கள் இல்லை. தங்களால் முறை தவறிப்போகிறதே என்று பெத்துராஜ் வேன் பேசி, பதினொரு பேரையும் வாரத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் பண்ணிக் கூட்டிவந்தார், செலவு கல்யாண வீட்டுக்காரர்களுடையது. அதைவிடப் பெரிய விஷயம் மரியாதை. சுகமில்லாதவர்கள் என்று ரெண்டு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் அழைப்பு இல்லாமல் கிடந்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சண்முகக்கனிக்கு ஆனி மாதத்தில் மட்டும் ஏழு சேலை வந்தது. அவள் பூ வைத்துக்கொண்டாள், வீங்கின காலில் கொலுசு போட்டுக்கொண்டாள்.

முப்பிடாதிக்கு மட்டும் தூக்கமும் இல்லை, இருப்பும் கொள்ளவில்லை. தினமும் ரெண்டு தடவை அக்கா வீட்டுக்கு வந்து நின்றாள். "அக்கா, உன் போனை ஒரு மணி நேரம் குடுக்கா. ஆபீஸ்ல காட்டிட்டுத் தந்துர்றேன்."

"முடியாது."

"சரி, உன் சிம்மைக் கழட்டி என் பெரிய போன்ல போட்டுத் தாரேன். உள்ளயே அமுக்கிரலாம். இங்கயே சென்டருக்குப் போகலாம்."

"பெரிய போன்ல போட்டா விழாதில்ல?"

"விழாதுக்கா. விழக்கூடாதுன்னுதானே சொல்றேன்!"

"அப்ப வேண்டாம், போடி. ரெண்டு வருஷமா ஒருத்தி என் வீட்டு நடை ஏறலை. எங்க தொட்டா ஒட்டிக்குமோன்னு தம்ளரைத் தனியா வச்சாளுக. இப்ப அவளுகளே வந்து, கனியக்கா நீங்க வந்தாத்தான் தட்டு மாத்துவோம்கிறாளுக. இதை நீ வந்து திருத்திட்டுப் போயிருவியா?" கண்ணில் தண்ணீர் நின்றது.

மற்றப் பத்து வீட்டிலும் இதே பாட்டுத்தான். தையல்காரர் மாரியப்பன், அறுபது வயசு, சக்கரைக்குக் கால் விரல் போனவர், அவர்மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்: "தாயி, உன் வேலையைக் குத்தம் சொல்லலை. ஆனா நீ தப்பா வாங்கினியே அந்தப் போனு, அதுதான் எங்களை மனுஷனாக்குச்சு."

பிறகு ஆடி பிறந்தது.

ஆடியில் யார் கல்யாணம் பேசுவார்கள்? நிச்சயம் இல்லை, பத்திரப்பதிவு இல்லை, பால் காய்ச்சுவது இல்லை. பெத்துராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்விட்டார், வேன் நின்றுவிட்டது. முதல் வியாழக்கிழமை ஏழு ரெண்டுக்குப் பதினொரு பொத்தான் விழுந்தது, வாங்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை முறை போயிற்று. திங்கட்கிழமை பதினொன்று விழுந்தது, செவ்வாய்க்கிழமை முறையும் போயிற்று. அன்றைக்கு முப்பிடாதி அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ரெண்டு இடத்தில் நின்றாள், ரெண்டு இடத்திலும் இந்த வாரம் இடமில்லை என்றார்கள். முகம் பானை மாதிரி வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்தே கிடந்தாள் சண்முகக்கனி. அப்போதும் விழுந்த பொத்தான்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, "ஆவணி பிறக்கட்டும், பாரு, வாசல்ல வரிசை நிக்கும்" என்றாள்.

"ஆவணிக்கு நீ இருக்கணும்லக்கா!" என்று கத்திவிட்டாள் முப்பிடாதி. சொன்ன பிறகு தெருவில் இறங்கி அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா அசந்த நேரம் பார்த்து, தலைமாட்டில் இருந்த போனை எடுத்துக்கொண்டு, செருப்புப் போடக்கூட நிற்காமல் ஓடினாள். திருட்டுத்தான், இல்லை என்று யார் சொன்னது? ஜெயசீலன் மேஜையில் போனை வைத்து, சாயங்காலம் திறக்கிற பக்கத்தை இப்பவே திற என்றாள். திறந்தான். பொத்தான் நழுவி, அவன் டீ தம்ளருக்குள் 'ளொடக்' என்று விழுந்தது. அவன் அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "விழுகுது மேடம்" என்றான். "எத்தனை பேருக்கு விழுகுது?"

"பதினொரு பேருக்கு. நாப்பது நாளா."

ஜெயசீலன் அஞ்சு மணிக்குள் பக்கத்தைச் சுருக்கி, எழுத்தை ஒடுக்கி, பொத்தானை மேலே ஏற்றி, எல்லாப் போனுக்கும் புது ஆப்பை அனுப்பிவிட்டான். நாலு இஞ்சுத் திரையில் பொத்தான் சமத்தாக உட்கார்ந்திருந்தது. முப்பிடாதி போனைக் கொண்டுபோய் அக்கா தலைமாட்டில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆபீசுக்கே திரும்பி வந்து, லிஸ்ட் ஏறுவதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள்.

ஏழு மணிக்குப் பக்கம் திறந்தது. ஏழு பத்துக்குப் பதினொரு போனிலும் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று காட்டியது. ஒருவரும் அமுக்கவில்லை. ஏழு இருபது. ஏழரை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். "மறுபடி ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு மேடம், எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றான் ஜெயசீலன். ஏழு நாற்பதுக்குத்தான் அவளுக்கு உறைத்தது, அடப் பாவிகளா, அமுக்கமாட்டார்கள், தட்டை ஏந்திக்கொண்டு விழுவதற்குக் காத்திருக்கிறார்கள்! போன் அடித்துப் பார்த்தாள், விழுகிற நேரம் என்று யாரும் எடுக்கவில்லை.

ஓடினாள். வழியில் மாரியப்பன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே அவர் போனைக் கவிழ்த்துப் பிடித்து, கீழே வேட்டி நுனியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நிற்கவில்லை. நின்று விளக்கினால் பத்து நிமிஷம் போகும், அக்கா வீட்டுக்கு எட்டு நிமிஷ ஓட்டம். அவரைப் பார்த்ததும் உண்மை, தாண்டிப் போனதும் உண்மை.

சண்முகக்கனி முந்தானையை மடியில் விரித்து, போனை அதன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்னமோ தாமதமாகுதுடி, விழ மாட்டேங்குது" என்றாள் மூச்சு வாங்க. முப்பிடாதி அக்காவின் வீங்கின ஆள்காட்டி விரலைப் பிடித்து, எட்டாவதற்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது, திரைக்குள் இருந்த பொத்தானின் மேல் வைத்து அமுக்கினாள். சத்தமே வரவில்லை. லிஸ்டில் பெயர் ஏறியது. சண்முகக்கனி விரித்த முந்தானையை வெகு நேரம் மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆடி வெள்ளி. எந்தத் தெருவில் பார்த்தாலும் அம்மன் கோயில் ரேடியோ, கூழ் அண்டா, மஞ்சள் சேலை. ஆறரை மணிக்குச் சென்டருக்குள் நுழைந்தார்கள். பெரிய ஹாலில் பதினொரு கட்டில், ஒரு கட்டிலில் மட்டும் விரிப்பு விரித்து, ஒரு மெஷினில் மட்டும் விளக்கு எரிந்தது. சண்முகக்கனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மத்தவங்க எங்கடி?"

"லிஸ்ட்ல ஏறலைக்கா. யாரும் அமுக்கலை."

"விழும்னு உக்காந்திருப்பாங்க. நீ சொல்லலையா?"

"நேரம் இல்லைக்கா."

"எனக்கு மட்டும் இருந்துச்சோ?"

முப்பிடாதி மாரியப்பன் வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளால் முடியவில்லை.

நர்ஸ் பிரமிளா ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, "படுங்கம்மா, உங்களைப் பாத்தாலே பயமா இருக்கு, சீக்கிரம் படுங்க" என்றாள். சண்முகக்கனி கட்டிலில் உட்கார்ந்தாள், படுக்கவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பத்துப் பேரும் வரட்டும். அப்புறம் குத்துங்க."

"லிஸ்ட்ல பேர் இல்லாம மெஷினைத் தொட்டா என் வேலை போயிரும்மா!"

"அப்ப என் பேரையும் அடிச்சிருங்க."

"அக்கா, செத்துப் போயிருவே!" முப்பிடாதி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாளாச்சுக்கா, உன் உதடு நீலமா இருக்கு, முதல்ல நீ படுக்கா, நான் அப்புறம் போய்..."

"தட்டுல பொத்தான் வச்சப்ப பதினோரு பேரும் ஒண்ணாத்தான் முன்வரிசையில உக்காந்தோம். இப்ப தனியா வந்து படுத்துக்கிட்டா நான் என்ன மனுஷி?" பேச்சுக்கு நடுவில் ரெண்டு தடவை மூச்சுக்கு நிறுத்தினாள். "காலைப் பிடிச்சுக்கிட்டு அழுத நேரத்துக்கு ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓடுடி."

அவள் ஓடினாள். கூழ் வரிசைக்குள் புகுந்து, தீச்சட்டிக்காரர்களை ஒதுக்கி, ஆட்டோ கிடைக்காமல் மினரல் வாட்டர் கொண்டுபோகிற குட்டி வண்டியை மறித்து, கேனை எல்லாம் இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு வீடாக ஏறினாள். எங்கும் விளக்கவில்லை. "எங்கக்கா ஊசி போட்டுக்காம உக்காந்திருக்கா, நீங்க வந்தாத்தான் போட்டுக்குவாளாம்" என்று மட்டும் சொன்னாள். நேற்றுவரை பேச்சுக் கேட்காதவர்கள், அதைக் கேட்டதும் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து வண்டியில் ஏறினார்கள்.

முதல் நாலு பேரோடு அவள் திரும்பி வந்தபோது, நர்ஸ் பிரமிளா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஆறாவது மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த நடையில் அஞ்சு பேர். கடைசியாக மாரியப்பன். அவரால் எழுந்திருக்க முடியவில்லை, தையல் மெஷினுக்கு முன்னால் போடுகிற மர நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து ஹாலில் இறக்கினார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. அவர் முன்னால் முப்பிடாதி கைகூப்பிக்கொண்டு நின்றாள். "நேத்து உங்க ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் ஓடினேன் மாமா" என்றாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மணி ஒன்பது ஆகிவிட்டது. பதினொரு கட்டிலிலும் விரிப்பு இருந்தது. நர்ஸ் பிரமிளா நேராகச் சண்முகக்கனியிடம் வந்து, "எல்லாரும் வந்தாச்சு, இப்பவாவது கையை நீட்டுங்கம்மா" என்றாள். சண்முகக்கனி சுவரில் சாய்ந்தபடியே ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். பேச முயன்றாள், முதல் தடவை காற்றுதான் வந்தது.

"மாரியப்பண்ணனுக்கு முதல்ல போடுங்க" என்றாள். "நான் கடைசி."